ஃபிர்அவ்னுக்குப் பெண் கொடுத்தவர்

மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வருகிறவர் அதை நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வரமாட்டார். இந்தச் சின்ன விஷயம் அன்றைக்கு என் மரமண்டையில் ஏறவில்லை.

எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் துபாய், சவூதி என்று பறந்துகொண்டிருந்த காலம். நான் மட்டும் விசாவுக்குக் காத்துக்கொண்டு, திருவாரூரில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால், உட்கார்ந்து கேம் ஆடிக்கொண்டிருந்தேன்.) பழைய எகிப்தில் நகரம் கட்டி ஆளுகிற கேம். அதில் நான்தான் ராம்செஸ் மன்னன். அந்தச் சமயத்தில்தான் பட்டுக்கோட்டையிலிருந்து சபீனாவின் போட்டோ வந்தது. பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று அம்மாவிடம் ஒற்றைக்காலில் நின்றேன்.

ஒரு மத்தியானம் வெள்ளை வேட்டியும் தொப்பியுமாக ஒருவர் வந்தார். வெளிநாட்டு மகனுக்கு மெயில் அனுப்ப வந்திருக்கிறார் போல என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் என் திரையையே பார்த்துவிட்டு, தம்பி என்ன செய்றீங்க என்று கேட்டார்.

"நான்தாங்க ஃபிர்அவ்ன்," என்றேன்.

அவர் முகம் மாறிப்போனது. மாறாதா பின்னே? நானே கடவுள் என்று சொல்லிக்கொண்டு மூஸா நபியைக் கடல்வரை துரத்தி, அதிலேயே மூழ்கிச் செத்த எகிப்துக் கொடுங்கோலன் அவன். எங்கள் வீடுகளில் அடங்காதவனைத் திட்டுவதற்கே அந்தப் பெயர்தான். ஆனால் ஐயா அசந்துபோய்விட்டார் என்று நினைத்து நான் வெளுத்து வாங்கினேன். இந்த ஜனம் முழுக்க என் ஆட்கள், வேலை செய்யாதவனுக்குச் சோறு கிடையாது என்றேன். ஒரு கோயில் கட்டினால் போதும், நைல் நதி தானாகப் பொங்கும், நம்மைப் போல மேட்டூரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை என்றேன். குடும்பம் இருக்கா என்று மெதுவாகக் கேட்டார். அரண்மனை நிறைய இருக்காங்க என்றேன். (அட பாவி!)

அவர் எழுந்து தொப்பியைச் சரிசெய்தார்.

"நான் சபீனாவோட அத்தா," என்றார். பெண்ணைப் பெற்றவர் போயே போய்விட்டார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நான் இரண்டு நாள் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. உண்மையிலேயே அழுதேன். பெண் கொடுக்கிறதாக இல்லை என்று தரகரும் வந்து சொல்லிவிட்டார். ஆனால் பட்டுக்கோட்டையில் நடந்த கதையே வேறு. அத்தா சொன்னதைக் கேட்டு சபீனா சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாளாம். ஃபிர்அவ்னோட பொண்டாட்டி ஆசியா அம்மா சொர்க்கவாசிதானே அத்தா, அவங்க அவனையே சமாளிச்சாங்க, இந்த ஆளை நான் சமாளிக்க மாட்டேனா என்று கேட்டாளாம். மறுநாளே அவர் தரகரைத் திரும்ப எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்.

நிக்காஹ் நடந்தது. விசாவும் வந்து, துபாய் போய், தலை நரைத்துத் திரும்பியும் வந்துவிட்டேன். இப்போதும் குடும்பத்தோடு நாகூர் கடற்கரைக்குப் போனால் பிள்ளைகள் எல்லாம் அலையில் குதிக்கும். நான் வேட்டியை மடித்துக்கட்டியதும் மாமனார் வந்து என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்.

"மாப்பிள்ளை, நீங்க கரையிலயே இருங்க. உங்க வகையறாவுக்குக் கடல் ஆகாது."