விசில் மேடம் நிறுத்திய கிரேன்

இந்த உலகத்தில் விசில் மேடத்தால் நிறுத்த முடியாதது ஒன்று உண்டென்றால், அது விசில் மேடம்தான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கிளியனூர்க்காரர். நாற்பதை நெருங்கும் வயது. சுடிதாருக்கு மேல் ஆரஞ்சு ஜாக்கெட், தலையில் வெள்ளை ஹெல்மெட், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில். அதுவும் தாலிச் சரடும் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். மேடம் பொறுமையாகப் பிரித்து இரண்டையும் ஒழுங்காகத் தொங்கவிட்டுக்கொள்வார்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஒரு ரயில்வே கேட்டை மூடிவிட்டு, அந்த இடத்தில் தண்டவாளத்துக்குக் கீழே சுரங்கப்பாதை போடும் ஒப்பந்தம் எங்கள் கம்பெனிக்குக் கிடைத்திருந்தது. நான் பிளானிங் என்ஜினியர். வேலை எப்போது முடியும் என்று சொல்வது என் உத்தியோகம். அது ஏன் அப்போது முடியாது என்று சொல்வது சேஃப்டி ஆபீசரான மேடத்தின் உத்தியோகம்.

விழுப்புரத்தில் ஷேர் ஆட்டோவில் ஏறினால் மேடம் முதலில் தலைகளை எண்ணுவார்.

"அண்ணா, ஓவரா ஏத்திக்கினு போறீங்க. ஒருத்தர எறக்குங்க."

"யார மேடம் எறக்கறது? நீங்களே சொல்லுங்க."

யாரும் அசைய மாட்டார்கள். கடைசியில் மேடமே இறங்கி அடுத்த ஆட்டோவுக்கு நிற்பார். அதிலும் இதே கதை. இப்படி இறங்கி இறங்கியே ஆபீஸ் வரைக்கும் அவர் நடந்து வந்த நாட்கள் உண்டு.

எங்கள் பி.எம்., அதாவது புராஜெக்ட் மேனேஜர், திண்டிவனத்தில் மகளுக்குக் காதுகுத்து வைத்தார். மண்டபத்துக்கு வந்த மேடம் மேடையைப் பார்க்கவில்லை. மேடைக்குப் பின்னால் போய் சீரியல் லைட் ஒயரைப் பார்த்தார். விசில் சத்தம் கேட்டது. தன்னை மிஞ்சி யார் ஊதுகிறார்கள் என்று நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"ஜாயின்ட்ல டேப்பே சுத்தல சார். குழந்தைய மொதல்ல கீழ எறக்குங்க."

ஒயர்மேன் வந்து டேப் சுற்றி முடிக்கும் வரை, பி.எம். மகள் காதும் குத்தாமல் அழுகையும் ஓயாமல் தாய்மாமன் தோளில் தொங்கிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து பி.எம். வீட்டு விசேஷம் எதுவும் ஆபீசுக்குத் தெரியவருவதில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருக்கிறது.

ரயில் ஓடுகிற பாதைக்குக் கீழே வேலை செய்ய வேண்டுமானால், ரயில்வே சில மணி நேரம் ரயில்களை நிறுத்தித் தர வேண்டும். அதை பிளாக் என்போம். அந்த நேரத்துக்குள் தண்டவாளத்தை அறுத்து, மண்ணைத் தோண்டி, கான்கிரீட் பெட்டிகளைக் கிரேனால் இறக்கி, மூடி, தண்டவாளத்தை மறுபடி பூட்டிவிட வேண்டும். மெயின் லைனில் பிளாக் வாங்குவது லேசான காரியம் இல்லை. மாதக்கணக்கில் அலைந்து ஒன்று கிடைத்தது. அதை விட்டால் மழைக்காலம்.

அந்த ஞாயிறு காலையிலேயே ஊர் ஜனம் வரப்பில் வந்து உட்கார்ந்துவிட்டது. கேட்டை மூடியதிலிருந்து அவர்கள் எல்லாவற்றுக்கும் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள். முன்வரிசையில் பால்கார அக்கா. "இன்னிக்கு முடிஞ்சிருமா தம்பி?" என்று என்னை நாலு தடவையாவது கேட்டிருப்பார். முடிந்துவிடும் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிரேன் தன் இரும்புக் கால்களை விரித்து ஊன்றியது. விசில் கேட்டது.

மேடம் பின்பக்கத்துக் கால் ஒன்றின் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த எடம் எனக்குச் சரியாப் படல சார். கால ஊனுனதும் மண்ணு லேசா வாய் தொறக்குது."

"மேடம், மண்ண டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் வந்தாச்சு. ரயில்வே என்ஜினியரும் பாத்துட்டாரு" என்றார் பி.எம்.

"டெஸ்ட் எடுத்தப்ப காய்ஞ்சி கெடந்துச்சு. நேத்து மழை பெஞ்சுது சார்."

"அது தூறல்!"

"தூறல்தான். பெரிய இரும்புப் பிளேட்டா கீழ போட்டுட்டுத் தூக்கலாம்."

பெரிய பிளேட்டுகள் விழுப்புரம் யார்டில் கிடந்தன. எடுத்து வருவதற்குள் பிளாக்கில் பாதி போய்விடும். கிரேன் ஆபரேட்டர் செஞ்சிக்காரர். அவருக்கும் பொறுமை போய்விட்டது. "மீசை மொளைக்கறதுக்கு முன்னாடி ஏறுன கிரேன் மேடம் இது. ஒன்னும் ஆவாது. ஜல்தி உடுங்க."

"சாஞ்சா உள்ள குந்திக்கினு இருக்கறது நீங்கதாண்ணா" என்றார் மேடம்.

பி.எம். கையை ஆட்டி, தூக்கச் சொன்னார். மேடம் டீ குடிக்கும் இடத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து, பெட்டி தொங்கிக்கொண்டு போகவேண்டிய வழியில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எழுந்திரிங்க மேடம்! வெளையாடறீங்களா?"

"எழுந்துக்கறேன் சார். நீங்க வந்து இதுல உக்காருங்க. நீங்க உக்காந்தீங்கன்னா நான் ஓ.கே. சொல்லிடறேன்."

பி.எம். நாற்காலியைப் பார்த்தார். கிரேனை அண்ணாந்து பார்த்தார். மறுபடியும் நாற்காலியைப் பார்த்தார். உட்காரவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என்னையும் யாராவது உட்காரச் சொல்லிவிடுவார்களோ என்று மெல்ல நகர்ந்துகொண்டேன்.

ரயில்வே என்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். தண்டவாளத்தை இன்னும் அறுத்திருக்கவில்லை. "அறுத்துட்டு நடுவுல மாட்டிக்கிட்டா மெயின் லைனே நின்னுடும். பிளாக் கேன்சல்" என்றார்.

வரப்பில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். பால்கார அக்கா மட்டும் மேடத்துக்கு எதிரே வந்து நின்று, "ஒரு பொம்பளையா இருந்துக்கினு எங்க கஷ்டம் தெரியலியா உனுக்கு?" என்றார். மேடம் தலையைக் குனிந்துகொண்டார்.

மழை வந்தது. இருபுறமும் முன்பே தோண்டியிருந்த பள்ளமெல்லாம் குளமானது. ஜனங்கள் சுற்றிப் போகும் மண்பாதை உழுத கழனி மாதிரி ஆகிவிட்டது. மேடம் தினமும் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அங்கேதான் போவார். எங்கள் ஜே.சி.பி.யை வைத்து ஜல்லி கொட்டச் செய்வார். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கைபிடித்துத் தாண்டிவிடுவார். எல்லோரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டே அவரைத் திட்டிவிட்டுப் போவார்கள். பால்கார அக்கா கேனோடு வழுக்கி விழுந்து பாலெல்லாம் சேற்றில் போன அன்று, மேடம் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "மேடம், அன்னிக்கு கிரேன் நெஜமாவே சாஞ்சிருக்குமா?"

"தெரியாதுங்க. சாயாமலும் போயிருக்கலாம்."

"அப்புறம்?"

"அதாங்க பேஜாரு. தூக்கியிருந்தாதான் நான் சொன்னது சரியா தப்பான்னு தெரியும். தூக்க வுடலியே." திறக்காத டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்தார். "அந்த கிரேன்கார அண்ணன் அன்னிக்கு சாயந்திரம் வூட்டுக்குப் போனாரு. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

மழை விட்டு அடுத்த பிளாக் கிடைத்தது. பெரிய பிளேட்டுகளைப் போட்டுத் தூக்கினோம். பெட்டிகள் சமர்த்தாகப் போய் உட்கார்ந்தன. சாயங்காலம் முதல் ரயில் மெதுவாக ஊர்ந்து கடந்தபோது எல்லோரும் கை தட்டினோம். பி.எம். மேடத்தைத் தவிர எல்லோருக்கும் கை கொடுத்தார்.

தாமதத்துக்கு யார் காரணம் என்று தலைமை அலுவலகம் கேட்டது. பதில் சொல்ல யாரும் சிரமப்படவில்லை. மேடத்தை வடக்கே எங்கேயோ ஒரு வேலைக்கு மாற்றினார்கள். கிளம்பும் அன்று பால்கார அக்கா ஒரு பை நிறைய அவித்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், கொண்டுவந்தார். "போற எடத்துலயாவது வேலைய முடிக்க வுடும்மா" என்று அவர் கையில் திணித்தார். மேடம் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இப்போது எங்களுக்கு வேறு இடத்தில் பால வேலை. புதிதாக வந்திருக்கும் சேஃப்டி ஆபீசர் தங்கமான மனிதர். குரல் உயர்த்திப் பேசத் தெரியாது. இதுவரை எதையும் நிறுத்தியதில்லை. வேலை நான் சொன்ன தேதிக்குச் சரியாக நடக்கிறது.

போன வாரம் கிரேன் பாலத்தைத் தாங்கும் முதல் கர்டரைத் தூக்கப் போகும் நேரம். கையை உயர்த்திய பி.எம். அப்படியே நின்று, சுற்றுமுற்றும் பார்த்தார்.

"என்ன சார் தேடறீங்க?" என்றேன்.

"ஒன்னுமில்லப்பா" என்றார்.

நானும் மேடத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.