முன்னாடியா, பின்னாடியா?

"முன் சக்கரமா, பின் சக்கரமா?" என்று கேட்டார் உதிரிபாகக் கடைக்காரர்.

கணக்கு வாத்தியாருக்கு அது தெரியாது. கார் ஓடும்போது அடியில் எங்கிருந்தோ 'ஊ...' என்று சத்தம் வருகிறது, பேரிங் மாற்ற வேண்டும் என்பது வரைக்கும்தான் தெரியும். பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். எல்லோரும் தன் பதிலுக்காகவே காத்திருப்பதுபோல் பட்டது.

"முன்னாடி."

"எந்த வருஷத்து வண்டி? நடுவுல அளவை மாத்திட்டாங்க. சந்தேகமா இருந்தா பழசைக் கழட்டிக் கொண்டாங்க, அளந்து தர்றேன்."

"சந்தேகமெல்லாம் இல்லை" என்ற வாத்தியார், வாயில் வந்த வருஷத்தைச் சொன்னார்.

மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம்தான். ஆனால் அது மாமனார் கொடுத்த பழைய கார். சாவியைக் கொடுக்கும்போதே, "மெக்கானிக் கை படாத வண்டி மாப்பிள்ளை. எல்லாம் நானேதான் பார்த்துக்கிட்டேன்" என்றிருந்தார். அந்த மாமனாரும் மாமியாரும் இன்று மதியம் சாப்பிட வருகிறார்கள். சாயங்காலம் அதே காரில்தான் அவர்களைக் கொண்டுபோய் விட வேண்டும்.

வீட்டு வாசலில் காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒரு முன் சக்கரத்தைக் கழற்றினார். பழைய பேரிங் வெளியே வரமாட்டேன் என்றது. சுத்தியலால் தட்டினார். அது உடைந்து, உள்ளே இருந்த உருளைகள் தெருவெல்லாம் ஓடின. புதியதை எடுத்து வைத்தால், ஒரு நூல் பெரிதாக இருந்தது.

சமையலறை ஜன்னல் வழியாக மனைவி எட்டிப் பார்த்தாள். "சேரலையா?"

"சேருது. கொஞ்சம் இறுக்கம்."

இறுக்கத்துக்கு இன்னும் ரெண்டு அடி போட்டார். பேரிங் பாதி தூரம் போய்க் கோணிக்கொண்டு நின்றுவிட்டது. இனி உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. ஆப்பசைத்த குரங்கு மாதிரி அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"பேசாம மெக்கானிக்கைக் கூப்பிடுங்களேன்."

"கூப்பிட்டுட்டு உங்கப்பா முகத்துல எப்படி முழிக்கிறது?"

எப்படித்தான் மாட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க, மறுபக்கத்து முன் சக்கரத்தையும் கழற்றினார். அதிலிருந்த நட்டு கைநழுவிச் சாக்கடையில் விழுந்தது. இப்போது கார் ரெண்டு பக்கமும் செங்கல்லில் மண்டியிட்டு நின்றது. தெருவில் போனவர்கள் துக்க வீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அந்த நேரம் பார்த்து வாடகைக் கார் வந்து நின்றது.

மாமனார் இறங்கினார். அவர் பார்வை நேராகச் செங்கல்லுக்குப் போயிற்று.

"சும்மா... சர்வீஸ் பண்ணலாமேன்னு..." என்று தொடங்கிய வாத்தியாருக்கு அதற்குமேல் பொய் வரவில்லை. கிரீஸ் அப்பிய கையை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை.

"மன்னிச்சிருங்க மாமா. எந்த பேரிங்னு எனக்குத் தெரியாது. கடையில அதை ஒத்துக்க வெட்கமா இருந்துச்சு. உங்க வண்டியைக் கெடுத்துட்டேன்."

மாமனார் கோணி நின்ற பேரிங்கைக் குனிந்து பார்த்தார். பிறகு எதிர்வீட்டு மொட்டை மாடியைப் பார்த்தார். அதற்கு நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது வாத்தியாருக்கு. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

மாமியார் கைப்பையை மகளிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"நீங்க ஏன் மாப்பிள்ளை தலை குனியறீங்க? எந்த பேரிங்னு கடையில கேக்க வெட்கப்பட்டுத்தானே, இவரு வண்டியையே உங்க தலையில கட்டினாரு."