மறுப்பு வராவிட்டால் சம்மதம்

மதிப்புக்குரிய சகலை அவர்களுக்கு,

உங்கள் மைத்துனியின் கணவனான தையல்கடைக்காரன் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இங்கு சுகம். அங்கு அண்ணியாரின் முழங்கால் வலி குறைந்தும், உங்கள் மெத்தைக்கடை வியாபாரம் பெருகியும் வருமென நம்புகிறேன். போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் கடையிலிருந்து வந்த குறுஞ்செய்திக்குத்தான் முதலில் பதில் போட்டேன், போகவில்லை. ஏன் போகாது என்பது இப்போது எனக்கு நன்றாகவே தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உங்கள்மேல் பொறாமை கிடையாது. கொஞ்சம் இருந்தது. சரி, வயிறு எரிந்தது. போன மாதம் ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது உங்கள் மைத்துனியின் போனுக்கு உங்கள் கடைச் செய்தி வந்தது, இரண்டு மெத்தை வாங்கினால் தலையணை இலவசம் என்று. அவள் தலையணையைப் பார்க்கவில்லை. “என்னங்க, இங்க பாருங்க, அத்தான் கடைப் பேரே மேல வருது. நம்ம கடையில இருந்து போனா வெறும் நம்பர்தான் வருது, யாரோ கடன்காரன் கூப்பிடற மாதிரி” என்றாள். அதற்குமேல் எனக்கு ஒரு கவளம் இறங்கவில்லை. கை கழுவின ஈரத்தோடு, குறுஞ்செய்தி அனுப்பித்தரும் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள், பொறுமைசாலி. “சார், மூணு வகை இருக்கு. பேரு வெச்சா யார் அனுப்புறாங்கன்னு பார்த்ததும் தெரியும், ஆனா அவங்க பதில் போட முடியாது. அஞ்சு இலக்கக் குட்டி நம்பர், அது ஆயிரக்கணக்குல அனுப்புற பெரிய கடைங்களுக்கு. நீங்க இப்ப வெச்சிருக்கிற சாதா நம்பர்ல பதில் வரும். உங்க கஸ்டமருங்க பதில் போடுவாங்களா?” என்று கேட்டாள். நான் அதைக் காதில் வாங்கினால்தானே. “எங்க சகலை எதை வெச்சிருக்காரோ அதைக் குடும்மா” என்றேன். “அவர் யாருன்னு எனக்குத் தெரியாது சார்” என்றாள். “பேரு வெச்சிருக்காரு. எனக்கும் பேரு. பழைய நம்பரை இன்னிக்கே நிறுத்திடு” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என் கடை வழக்கம் உங்களுக்குத் தெரியும். துணியை வெட்டுமுன் வாடிக்கையாளருக்கு ஒரு செய்தி போகும்: கை இவ்வளவு, பை இத்தனை, நாளை மாலைக்குள் மறுப்பு வராவிட்டால் சம்மதம் எனக் கொள்வேன். ஆறு வருஷமாக மறுப்பு வந்தபடியே இருந்தது, நானும் கத்தரியைக் கீழே வைத்துவைத்து எடுத்தேன். பெயர் வைத்த நாளிலிருந்து ஒரு மறுப்பு இல்லை. கடை அமைதியாகிவிட்டது. “என்ன முதலாளி, ரெண்டு வாரமா யாருமே குறை சொல்லலையே, எனக்கு பயமா இருக்கு” என்றார் கட்டிங் மாஸ்டர். “அதெல்லாம் பேருக்கு இருக்கிற மரியாதை மாஸ்டர், நீங்க வெட்டுங்க” என்றேன். அவரும் வெட்டினார். பல் டாக்டரின் அரைக்கைக் கோட்டு முழுக்கையானது. டிரைவிங் ஸ்கூல்காரரின் பேண்ட்டில் ஆறு பை வைத்தோம். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. புதிதாகத் திறக்கப்போகிற ஓட்டலின் மேனேஜர், பரிமாறுகிறவர்களுக்குக் கருநீலத்தில் இருபத்தாறு வெயிஸ்ட்கோட் கேட்டிருந்தார். இத்தனை வருஷத்தில் என் கடைக்கு வந்த பெரிய வேலை அதுதான். இது நன்றாக அமைந்தால் அவர்களுடைய மற்ற ஓட்டல்களுக்கும் நானே தைக்கலாம் என்று பேச்சு. கருநீலம் கையிருப்பில் இல்லை. கத்திரிப்பூ நிறத்தில் வெட்டட்டுமா, மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று செய்தி அனுப்பினேன். மறுப்பு வரவில்லை. இருபத்தாறையும் தைத்து, பித்தான் வைத்து, இஸ்திரி போட்டு மாட்டினோம்.

திறப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது மேனேஜர் வந்தார், மாட்டியிருந்ததைப் பார்த்தார், போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ‘வேண்டாம்.’ ‘வேண்டவே வேண்டாம்.’ ‘கருநீலம்தான் வேணும்.’ ‘யாராவது இருக்கீங்களா?’ ஏழு செய்தி, ஏழும் போகவில்லை என்று சிவப்புக் குறி. “போன் பண்ணலாம்னா பழைய நம்பர் வேலை செய்யல, இதுல பேரு மட்டும் இருக்கு. பேரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?” என்றார். சகலை, உங்களிடம் மறைக்கவா, அந்த நேரத்திலும் என் கண் முதலில் போனது மேலே இருந்த என் கடைப் பெயர்மேல்தான், எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்று. பிறகுதான் அந்த ஏழையும் படித்தேன்.

கருநீலத் துணிக்கு நான்கு கடை ஏறி இறங்கினேன். மாஸ்டரும் நானும் வெட்ட, உங்கள் மைத்துனி பித்தானுக்குக் காஜா எடுக்க, மூன்று நாளில் ஒப்பேற்றினோம். மேனேஜர் வாங்கிக்கொண்டார், சிரிக்கவில்லை. மற்ற ஓட்டல்களைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை. கத்திரிப்பூ இருபத்தாறும் கடை முழுக்கத் தொங்குகின்றன. நான் அந்தப் பெண்ணுக்கே மறுபடி போன் போட்டுப் பழைய நம்பரைக் கெஞ்சி வாங்கினேன். மறுநாள் காலை பல் டாக்டரிடமிருந்து, ‘கையைப் பாதியாகக் குறையுங்கள், காலர் சரியில்லை’ என்று வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகவே ஒரு தம்பியாகச் சொல்கிறேன். பதில் தேவைப்படுகிற கடைக்குச் சாதா நம்பர்தான் சரி. நீங்களும் அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள். மெத்தை வாங்கியவருக்கும் முதுகு வலித்தால் சொல்ல ஓர் இடம் வேண்டாமா? எனக்கு இப்போது மனம் தெளிந்துவிட்டது.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி, அண்ணியாரின் முழங்காலுக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
பொறாமை அறவே நீங்கிய சகலை

பி.கு.: உறையில் போடுமுன் உங்கள் மைத்துனி இதைப் படித்தாள். “உங்களுக்கு விஷயமே தெரியாதா? போன லீவுக்கு அத்தான் நம்ம கடைக்கு வந்தப்போ உங்க போன் ஓயாம அடிச்சிட்டே இருந்துச்சுல்ல. ‘அவன்கிட்ட ஊரே பேசுது, என்கிட்ட ஒருத்தர்கூட பேச மாட்டேங்கறாங்க’ன்னு அன்னிலேர்ந்து புலம்பறாராம். சாதா நம்பருக்கு மாறிடலாமான்னு யோசிக்கறாராம், அக்கா சொன்னா” என்றாள். இதை நான் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். எனவே மேலே உள்ள அறிவுரை முழுவதையும் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். உங்கள் கடைக்குப் பெயர்தான் பொருத்தம், அந்தக் கம்பீரம் நம்பரில் வருமா? எக்காரணம் கொண்டும் மாற்ற வேண்டாம். நாளை மாலைக்குள் மறுப்பு வராவிட்டால் சம்மதம் எனக் கொள்வேன். இந்தக் கடிதம் வந்துசேர நான்கு நாளாகும் என்று தபாலாபீசில் சொன்னார்கள்.