ஒரு சிப்பாய்கூட வராமல் நான் தோற்ற ஆட்டம்

பயந்தே பிழைத்தவன் நான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சொல்லாமல் விட்டால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம்தான். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வருவேன். பார்த்துவிட்டுப் போனபிறகு, சரியாகப் பார்த்தேனா என்று சந்தேகம் வந்து மறுபடியும் வருவேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஹால் டிக்கெட் கொடுத்த அன்று எனக்கு வந்த காய்ச்சல், கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள்தான் இறங்கியது. அதோடு பள்ளிக்கூடம் என்னை மறந்தது, நானும் அதை மறந்தேன்.

இப்படிப்பட்டவனுக்குப் பொருந்துகிற வேலை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கம்ப்யூட்டரில் போர் செய்வது.

திருத்துறைப்பூண்டியில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்கு இருந்தபோது ‘மண்கோட்டை’ என்ற ஆட்டம் பழகினேன். ஆளுக்கு ஓர் ஊர் கொடுப்பார்கள். நெல் விளைவித்து, சிப்பாய் சேர்த்து, எதிராளியின் ஊரைப் பிடிக்க வேண்டும். எல்லோரும் பிடிக்கப் போவார்கள். நான் போக மாட்டேன். (போன இடத்தில் ஏதாவது ஆகிவிட்டால்?) நாலு பக்கமும் சுவர் கட்டுவேன். அந்தச் சுவருக்கு வெளியே இன்னொரு சுவர். பக்கத்தில் ஓடுகிற ஆற்றுத் தண்ணீரை உள்ளே திருப்பி, வெளியே போகிற மதகை அடைத்துக்கொள்வேன். களஞ்சியம் களஞ்சியமாக நெல் சேர்ப்பேன். எதிராளி சுவரில் முட்டி மோதி, சோறில்லாமல் சோர்ந்து, வெறுத்துப்போய்த் தோற்பான். பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். ஆனால் ஜெயிப்பது நான். ‘கோட்டை முருகேசு’ என்று பெயரே வந்து, சென்னையில் ஒரு டீம் என்னைச் சேர்த்துக்கொண்டது. பயப்படுவதற்குச் சம்பளம்!

பிறகு ‘மண்கோட்டை’ இரண்டாம் பாகம் வந்தது.

எல்லாருக்கும் கைகால் ஓடவில்லை. நாகப்பட்டினத்து ஜெனிபர் என்றொரு பெண், முதல் பாகத்தில் பெரிய அடாவடி. ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடம் அவள் படை நம் வாசலில் நிற்கும். இரண்டாம் பாகத்தில் மழை பெய்து மண் சேறாகிவிடும், சிப்பாய்கள் கால் புதைந்து நின்றுவிடுவார்கள். அவள் தொடர்ந்து தோற்றாள். தோற்றுத் தோற்று, படை அனுப்புவதையே நிறுத்திவிட்டு, ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பழகினாள். ‘பாவம், சொந்த ஸ்டைலையே விட்டுருச்சு புள்ள’ என்று நான் பரிதாபப்பட்டேன்.

எனக்கு அந்தக் கவலை இல்லை. சுவர் என்றைக்கும் சுவர்தானே? புது ஆட்டத்தில் என்னென்ன மாறியிருக்கிறது என்று முப்பது பக்கத்துக்கு இங்கிலீஷில் போட்டிருந்தார்கள். கோச் படிக்கச் சொன்னார். நான் படம் பார்த்தேன். படத்தில் ஆறு அழகாக இருந்தது. புது மேப்புகளில் விளையாடப் பயந்து, பழையதைப் போலவே இருந்த ஒரே ஒரு வறண்ட மேப்பில் மூன்று வாரம் பயிற்சி எடுத்தேன்.

இந்த நேரத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். அதற்கு முன் நாலு சம்பந்தம் ‘பையன் என்ன பண்றாப்ல?’ என்ற கேள்வியிலேயே முறிந்திருந்தது. ‘கேம் ஆடுறான்’ என்று அம்மா சொன்னதும், காபி குடித்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். ஐந்தாவது சம்பந்தம் சுகந்தி. அவள் அப்பா கோவிந்தராசு, வாய்க்கால் ஷட்டர்களைத் திறந்து மூடுகிற லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் டம்ளரை வைக்கவில்லை.

“கொத்தனாருன்னா அவரு கட்டுன சுவத்தப் பாத்துட்டுப் பொண்ணு குடுப்பேன். பஸ் டிரைவர்னா அந்த பஸ்ஸுல ஒரு தடவ ஏறி எறங்குவேன். தம்பி வேலையையும் ஒரு தடவ நேர்ல பாத்துடுறேங்க. அப்புறம் பேசிக்குவோம்” என்றார்.

அப்போது தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி நடக்க இருந்தது. எதிராளி ஜெனிபர். ஆட்டத்தைக் காட்டும் பெரிய திரைக்கு எதிரே, முன்வரிசையில் என் அம்மா, கோவிந்தராசு, அவர் மனைவி, சுகந்தி. அன்றைக்கு என் வேலை வேலைதான் என்று அவர் நம்பினால் கல்யாணத்தை உறுதி பண்ணிவிடலாம் என்று அம்மா பையில் பூவும் வெற்றிலை பாக்கும் கட்டிக்கொண்டே வந்திருந்தாள்.

“டேய், பொண்ணப் பாக்காத. கம்ப்யூட்டரப் பாரு” என்றாள்.

காதில் ஹெட்போனை மாட்டினேன். வெளிச்சத்தம் ஒன்றும் கேட்காது. ஆட்டம் தொடங்கியது. புது மேப். நடுவில் ஓர் ஆறு. நாலு பக்கமும் சுவர் கட்டி முடித்தேன். திரையில் மழை பிடித்தது. ஆற்றில் தண்ணீர் ஏறி என் ஊருக்குள் வந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நாங்கள் கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் ஊரூராக நனைத்துவிட்டு, மிச்சம் மீதி இருந்தால் எங்களுக்கு வரும். வந்துவிட்டால் ஊரே மண்வெட்டியோடு ஓடும். வைக்கோலைத் திணித்து, சேற்றை அப்பி, அங்கேயே அடைத்துவிட வேண்டும். வந்த தண்ணீரைப் போகவிட்டான் என்று ஒருத்தனுக்குப் பேர் வந்தால் ஏழு ஊர் சிரிக்கும். எனக்கு ஒன்பது வயதில் இந்தப் பழக்கம் கையில் ஏறியது. ஆகவே திரையில் தண்ணீரைப் பார்த்ததும் மூளையைக் கேட்காமல் கை தானாகவே வெளி மதகை அடைத்தது.

நெல் கணக்கு ஜிவ்வென்று ஏறியது. சந்தோஷம் தாங்காமல், அம்மா சொன்னதை மீறி, சுகந்தியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

இரண்டாவது மழை வந்தது. கரையை உயர்த்தினேன். ஜெனிபர் ஊரைப் பார்த்தேன். வந்த தண்ணீரை ஒரு பெரிய வடிகால் வெட்டி வெளியே விட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீரையா! இப்படியும் ஒரு ஊதாரியா என்று இருந்தது.

மூன்றாவது மழையில் கோவிந்தராசு எழுந்து நின்றார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, வேகவேகமாகச் சுற்றிக் காட்டினார். வாய் எதையோ கத்தியது. எனக்குப் புல்லரித்துவிட்டது. வருங்கால மாமனார் உற்சாகப்படுத்துகிறார்! ‘சுத்தி வளைச்சு அடி’ என்கிறார்! நானும் எழுந்து நின்று, அவரைப் போலவே இரண்டு கையாலும் சுற்றிக் காட்டிவிட்டு உட்கார்ந்தேன். மண்டபமே சிரித்தது. என் வெற்றிக்குச் சிரிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

உட்கார்ந்து திரையைப் பார்த்தால், என் களஞ்சியம் மிதந்துகொண்டிருந்தது.

முதலில் நம்பவில்லை. ஆட்டத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அடுத்து மாட்டுக்கொட்டகை மிதந்தது. சிப்பாய்கள் ஈட்டியை எறிந்துவிட்டுச் சுவர் மேல் ஏறினார்கள். நான் பார்த்துப் பார்த்துக் கட்டிய சுவர் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வெளியே விடவில்லை. நாலு பக்கமும் சுவர், நடுவில் தண்ணீர். அதற்குப் பெயர் கோட்டை இல்லை, தொட்டி. மதகைத் திறக்கத் தேடினேன். மதகு பத்தடித் தண்ணீருக்கு அடியில் இருந்தது. திரை கறுத்து, தோல்வி என்று எழுத்து வந்தது. பதினோரு நிமிடம். அதுவரை ஜெனிபர் ஒரு சிப்பாயைக்கூட அனுப்பவில்லை.

ஹெட்போனைக் கழற்றினேன். “கோட்டை முருகேசு இன்னைக்கு நீச்சல் குளம் கட்டிருக்காருங்க!” என்று கமெண்ட்ரிக்காரர் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெனிபர் வந்து கை கொடுத்தாள். “அண்ணே, நான் வர்றதுக்குள்ள நீங்களே முடிச்சுட்டீங்களே” என்றாள். அவள் முகத்திலும் அதிர்ச்சிதான்.

மேடையிலிருந்து இறங்குவதற்குள் மூன்று முறை திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். அம்மா பூப்பையை மடிக்குள் ஒளித்துக்கொண்டிருந்தாள். கோவிந்தராசு வியர்த்துப்போய் நின்றார்.

“தம்பி, முப்பது வருஷம் ஷட்டர் பாத்தவன் நான். கடைமடைக்காரங்க அடைச்சுப் பாத்திருக்கேன், பூட்ட ஒடைச்சுப் பாத்திருக்கேன், என்னயவே அடிக்க வந்தும் பாத்திருக்கேன். கொட்டுற மழையில அடைச்சுட்டு, கட்டவெரலத் தூக்குன ஆள இன்னைக்குத்தாங்க பாக்குறேன். தொறங்க தொறங்கன்னு ஷட்டர் கைப்பிடியச் சுத்திக் காட்டி நான் கத்துறேன், நீங்க எனக்கே சுத்திக் காட்டுறீங்க!”

அப்போது, அதுவரை வாயே திறக்காத சுகந்தி கேட்டாள். “ரெண்டாவது மழையிலயே தொறந்திருந்தா தப்பிச்சிருக்கலாமா?”

“தப்பிச்சிருக்கலாம்.”

“அப்புறம் ஏன் தொறக்கல?”

பொய் சொல்லத் தைரியம் வேண்டும். அது என்னிடம் இல்லை. “பயமா இருந்துச்சுங்க. தொறந்துவிட்டுட்டு, மறுபடி தண்ணி வரலன்னா?”

கோவிந்தராசு என்னையே பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிக்கிறார்.

“இதத்தாம்மா முப்பது வருஷமா அம்புட்டுப் பேரும் எங்கிட்ட சொன்னானுவ” என்று மகளிடம் சொன்னார். “வேலை நெச வேலைதான். மாப்புள்ளைக்குத்தான் அத ஒழுங்காப் பாக்கத் தெரியல. ஒனக்கு எப்புடி?”

“முழுகுற வரைக்கும் ஓடாமத்தானே உக்காந்திருந்தாங்க” என்றாள் சுகந்தி. (ஓடக் கால் வரவில்லை என்பதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.) அம்மா பூப்பையை மறுபடி வெளியே எடுத்தாள்.

அதற்குப் பிறகு நான் சுவர் கட்டுவதற்கு முன் வடிகால் வெட்டுகிறேன். தண்ணீரைத் திறந்துவிடும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வேன். மாமனார் சீர்வரிசையோடு, பட்டறையில் சொல்லி அடித்த ஷட்டர் கைப்பிடி ஒன்றையும் கொண்டுவந்து வைத்தார். “அரசாங்கச் சொத்து இல்லீங்க” என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கல்யாண குரூப் போட்டோவில் இரண்டு குடும்பமும் கையைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சொந்தக்காரர்கள் யாரும் எனக்கு வணக்கம் சொல்வதில்லை. தூரத்திலிருந்தே சுற்றிக் காட்டுவார்கள். நானும் திருப்பிச் சுற்றிக் காட்டுவேன். பழகிவிட்டது.

போன மாதம் கீழ்வேளூரில் ஒரு காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வரிசையில் முன்பின் பார்த்திராத ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கையைச் சுற்றினார். சுகந்தி வழி உறவு போலிருக்கிறது, மரியாதையாக இருக்கட்டும் என்று எழுந்து நின்று, எச்சில் கையோடு இரண்டு கையாலும் சுற்றிக் காட்டினேன். பந்தி அப்படியே நின்றுவிட்டது.

அவர் என்னைப் பார்க்கவே இல்லையாம். என் முதுகுக்குப் பின்னால் வாளியோடு நின்றவரிடம், சாம்பாரை அடியோடு கலக்கி ஊற்றச் சொல்லியிருக்கிறார்.