லேப்டாப்புக்கு வந்த காய்ச்சல்

அன்புத் தம்பி பிளாகோயேவுக்கு, வால்யேவோவிலிருந்து அண்ணன் வித்தோமிர் எழுதுவது. என் முட்டிவலியைத் தவிர இங்கு அனைவரும் சுகம். உன் மாமியாரின் புதுப் பல்செட் நன்றாகப் பொருந்த வேண்டுமென்று தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினோம்.

என் மகள் துன்யா வாங்கிய மலிவு லேப்டாப் ஆபீஸ் வேலைக்குத் தாங்குமா, நீயும் ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்காதே. பெல்கிராத்தில் ஒரு கணக்கு ஆபீஸ் அவளை வீட்டிலிருந்தே வேலை பார்க்க எடுத்திருக்கிறது, ஆனால் இன்னும் நிரந்தரமாக்கவில்லை. இது போனால் வியன்னாவுக்குக் கிழவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய்விடுவாள். அங்கே போன பிள்ளைகள் ஈஸ்டருக்குத்தான் தலைகாட்டுகிறார்கள். எனக்கு அதுதான் பயம்.

அந்த லேப்டாப் வந்த புதிதில் அதன் கீல் முனகியது. நான் சூரியகாந்தி எண்ணெய் விட்டேன். முனகல் நின்றது, கூடவே திரை நிற்பதும் நின்றது. திரையைக் குடமிளகாய்த் துவையல் ஜாடியில் சாய்த்து வைத்தோம். சார்ஜர் ஒயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால்தான் மின்சாரம் ஏறும், அதற்கு நான் இருக்கிறேன். இப்படியாக ஓடிக்கொண்டிருந்ததை உன் அண்ணி ராதோய்கா ஒருநாள் தொட்டுப் பார்த்துவிட்டு அலறினாள்.

"ஏங்க, இதுக்குள்ள விசிறி சுத்துது! புள்ள வயித்துக்கு நேரா காத்தடிக்குது! இத செஞ்சவனுக்கு அம்மா இல்லயா?"

"சூடான காத்துதாம்மா," என்றாள் துன்யா.

"சூடோ குளிரோ, குறுக்குக் காத்து குறுக்குக் காத்துதான். உங்க சித்தப்பனுக்கு வாய் கோணிக்கிட்டது எதனால?"

உன் வாய் நினைவுக்கு வந்ததும் நானும் வாயை மூடிக்கொண்டேன். அன்று மாலைக்குள் லேப்டாப்புக்குக் கம்பளிக் குல்லாய் தயார். காற்று வரும் ஓட்டையெல்லாம் அடைத்தாயிற்று. மறுநாள்தான் துன்யாவின் வேலையை முடிவுசெய்யும் வீடியோ கூட்டம். மேலாளர் ஸ்லாவென்கா அம்மா திரையில் வந்து உட்கார்ந்தார். துன்யா பேசப் பேச லேப்டாப் அடுப்பு மாதிரி கொதித்தது. ராதோய்கா தொட்டுப் பார்த்து, "ஐயோ, காய்ச்சல்!" என்று ராக்கியாச் சாராயத்தில் ஒரு சாக்ஸை நனைத்து, காய்ச்சல் கண்ட குழந்தைக்குப் போடுவதுபோல அதன்மேல் போட்டாள். உஸ் என்று ஒரு சத்தம், திரை இருட்டு, உள்ளதும் போச்சு. வீடு முழுக்கச் சாராய நெடி. துன்யா நேராகப் போய்ப் பரண்மேலிருந்து பயணப் பெட்டியை இறக்கினாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை தம்பி. ராதோய்கா குற்றவாளிபோல அடுப்படியில் நிற்கிறாள், அவளைப் பார்க்கவும் பாவமாக இருக்கிறது.

ஆகவே, இந்தச் சாமானை ஜென்மத்துக்கும் வாங்காதே. குழந்தைகளுக்கு என் முத்தங்கள். கடவுள் உங்களை நோயில்லாமலும் காற்று படாமலும் காக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன் வித்தோமிர்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஸ்லாவென்கா அம்மா போன் செய்தார். "லேப்டாப் மேல சாக்ஸ் போட்டது யாரும்மா?"

"எங்கம்மா," என்றாள் துன்யா, அழுகுரலில்.

"எங்கம்மா என் பிரிண்டருக்கே சால்வை போத்தியிருக்காங்க. திங்கட்கிழமையிலேர்ந்து நீ நிரந்தரம். நல்ல லேப்டாப்பா ஆபீஸ்லேர்ந்து அனுப்பறேன்."

நான் தோட்டத்துக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். பழையது காய்ந்ததும் தானாக உயிர்பெற்றுவிட்டது. ரொம்ப உறுதியான சாமான், வேலைக்கு அருமையாகத் தாங்கும். உனக்காக உங்கள் ஊர் நீஷுக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். திருப்பி அனுப்பினால் வாங்கிக்கொள்ள வேண்டாமென்று டிரைவரிடம் சொல்லியாயிற்று.