எடையில்லாத மாவு

டால்டா டப்பாவின் மூடி திறக்க மறுத்தது. மூடியின் மேல் குற்றமில்லை. வைஜயந்தியின் கைகள் வேர்த்து வழுக்கிக்கொண்டிருந்தன.

"ஏண்டி வைஜு, உள்ளே என்னடி பண்றே? அவாள்லாம் வர நேரமாயாச்சு!" சமையலறையிலிருந்து அம்மா ஜானகியம்மாள் கத்தினாள்.

"தலை வாரிண்டிருக்கேம்மா!"

பயம் வந்தால் சில பெண்கள் அழுவார்கள், சிலர் மயங்கி விழுவார்கள். வைஜயந்திக்கு உள்ளங்கை வேர்க்கும். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் கணக்குத் தாளே நனைந்து மை ஓடிவிட்டது. தான் பெயிலானதற்குக் கைதான் காரணம், மூளை இல்லை என்று அவள் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தாள். தாள் நனையாத மற்றப் பாடங்களிலும் பெயில்தான் என்பதை யாரும் கவனிக்காத வரை அது நல்ல காரணமாகத்தான் இருந்தது.

போன மாதம் பெண் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளையின் தகப்பனார் மடியில் சுடச்சுடக் காப்பியைப் போட்டாள். அவர் குதித்த உயரத்தைப் பார்த்தால் முழங்கால் வலி என்று சொன்னது பொய்தான். ஆனால் அதைச் சுட்டிக்காட்டும் நிலையில் அவள் இல்லை.

இந்த இடம் தவறக் கூடாது. மாப்பிள்ளை கிருஷ்ணஸ்வாமிக்கு மதராஸில் ஒரு மாத்திரை தயாரிக்கும் கம்பெனியில் வேலை. "கல்யாணத்துக்கு அப்புறமும் பொண்ணு வேலைக்குப் போகட்டும்ங்கறார்" என்று தரகர் சொன்னார். இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த பெயிண்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வைஜயந்திக்குக் குப்பி கழுவும் வேலை. குப்பிதான் என்றாலும் காலையில் பஸ் ஏறி, புதுவாயலில் இறங்கி மாறி, கூட வேலை பார்க்கும் கிரேஸோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே நடந்து போகிற அந்த வாழ்க்கையை விட அவளுக்கு மனமில்லை.

பவுடர் யோசனையும் கிரேஸுடையதுதான்.

"இன்னாடி, கை வேர்க்குதுன்னா இதைப் பூசிக்கினு போயேன். தண்ணிய அப்படியே இஸ்துக்கும்."

அது ஜெர்மனியிலிருந்து கப்பலில் வருகிற வெள்ளைப் பவுடர். சரக்கு என்னவோ மணல் சாதிதான். நெருப்பில் புகையாக்கிப் பிடித்தது என்று கெமிஸ்ட் சொல்வார். மூட்டை மெத்தை அளவு இருக்கும், சின்ன மூட்டை வெல்லத்தின் எடைகூட இருக்காது. பெயிண்ட் சுவரில் வழியாமல் இருக்க அதைக் கலப்பார்கள்.

"சும்மா வச்சா கெட்டியா குந்திக்கும். கலக்கினா ஓடும். உட்டா மறுபடி குந்திக்கும். எங்க ஊட்டுக்காரர் மாதிரி" என்றாள் கிரேஸ். "பல் பசைல போடறான், மாத்திரைல போடறான், வவுத்துல போனா ஒண்ணும் ஆவாது. மூக்குல மட்டும் இழுத்துடாத." கெமிஸ்டைக் கேட்டுக்கொண்டு, கிழிந்த மூட்டையிலிருந்து பெரிய டால்டா டப்பா நிறைய அழுத்தி அடைத்துக் கொடுத்தாள்.

வைஜயந்தி புடவைத் தலைப்பால் மூடியைப் பிடித்துத் திருகினாள். 'டப்' என்று திறந்தது. ஒரு வெண்மேகம் எழுந்து, அவசரமே இல்லாமல் அவள் முகத்திலும் எண்ணெய் தடவிய தலையிலும் இறங்கியது. கண்ணாடியில் அவளுக்கு வயது அறுபது.

ஆனால் கை உலர்ந்துவிட்டது. ஒன்றோடொன்று தேய்த்தால் 'கிறீச்' என்றது. இனித் தங்கக் குடத்தையே நம்பிக் கொடுக்கலாம்.

கடைசி நேரத்தில் பூசிக்கொள்ள ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடியருகே வைத்தாள். டப்பாவைச் சமையலறை மேல்தட்டில் வைத்தாள். டால்டா டப்பா சமையலறையில் இருந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? தன் வாழ்நாளில் தோன்றிய மிகச் சிறந்த யோசனை இதுதான் என்று நினைத்தாள். அவள் நினைத்தது சரி. மற்ற யோசனைகள் அந்த லட்சணம்.

தலையைக் கழுவிக்கொண்டு அவள் திரும்புவதற்குள் அப்பா எம்பார் கண்ணாடி முன் நின்றிருந்தார். கோயில் கைங்கரியம் செய்கிறவர். நெற்றியில் திருமண் இல்லாமல் வாசற்படி தாண்டாதவர்.

"திருமண்ணைப் பொடி பண்ணியே வெச்சுட்டியா? பேஷ்!" என்றபடி கிண்ணத்தைக் கவிழ்த்து அவளிடம் நீட்டினார். கிண்ணம் காலி.

குழைத்து இட்டபோது வெள்ளையாகத்தான் தெரிந்தது. நெற்றியில் ஏறியதும் கண்ணாடிபோல ஆயிற்று. காய்ந்ததும் செதில் செதிலாக மார்பில் உதிர்ந்தது. நடுவில் இட்ட சிவப்பு ஸ்ரீசூர்ணம் மட்டும் துணையில்லாமல் தனியாக நின்றது.

"அப்பா, நெத்தியிலே..."

வாசலில் டாக்ஸி வந்து நின்றது.

கூடத்தில் மாப்பிள்ளையின் தாயார் மரகதவல்லி எம்பாருக்கு எதிரே உட்கார்ந்தாள். நெற்றியைப் பார்த்தாள். நாமத்தின் பாதம் இறங்கியிருக்கிறதா என்று மூக்குத் தண்டைப் பார்த்தாள். மறுபடி நெற்றியைப் பார்த்தாள்.

"தரகர் நீங்களும் நம்ம தென்கலைதான்னு சொன்னார்..." என்று இழுத்தாள்.

"அதிலென்ன சந்தேகம்? நெத்தியைப் பார்த்தாலே தெரியலையா?"

"அதைப் பார்த்துத்தான் ஸ்வாமி கேக்கறேன்."

கதவிடுக்கில் நின்ற வைஜயந்தி மாப்பிள்ளையைப் பார்த்தாள். கிருஷ்ணஸ்வாமி இரண்டு கைகளையும் அங்கவஸ்திரத்துக்குள் புதைத்துக்கொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். எம்பார் வெற்றிலைத் தட்டை நீட்டினார். "அங்கேயே வெச்சிடுங்கோ" என்றான். கை வெளியே வரவில்லை. எப்போது கிளம்பலாம் என்றுதான் வாசலைப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது.

உள்ளங்கை மறுபடி ஈரமாயிற்று. டப்பாவைத் தேடிச் சமையலறைக்கு ஓடினாள்.

அம்மா கரண்டியோடு திகைத்து நின்றாள். அந்த வீட்டில் பாயசத்தைத் திருக்கண்ணமுது என்றுதான் சொல்வார்கள். அது ஒரு வெண்கல உருளியில் இருந்தது. நடுவில் இன்னொரு கரண்டி, யாரும் பிடிக்காமல், நிமிர்ந்து நின்றது.

"நீர்க்க இருந்ததுடி. மேல்தட்டிலே அரிசி மாவு இருந்ததேன்னு போட்டேன். எடையே இல்லை, பழைய மாவு போலிருக்கு. அதான் டப்பாவோட கவிழ்த்துட்டேன். இப்போ இப்படி நிக்கறது!"

வைஜயந்தி டப்பாவை எட்டிப் பார்த்தாள். ஓரத்தில் ஒட்டியிருந்ததை வழித்துக் கையில் தேய்த்துக்கொண்டாள். மாத்திரையில் போடுகிற சரக்குதானே, யாரும் சாகமாட்டார்கள், கல்யாணம்தான் சாகும்.

"நகரும்மா, கலக்கினா ஓடும்!"

கலக்கினாள். ஓடியது. டம்ளர்களில் ஊற்றினாள். கடைசி டம்ளரை ஊற்றுவதற்குள் முதல் டம்ளர் உறைந்துவிட்டது. ஸ்பூனை விட்டு ஒவ்வொன்றாகச் சுழற்றினாள். இரண்டாவதைக் கவனித்தால் முதலாவது உட்கார்ந்துகொண்டது. வெள்ளி டம்ளரெல்லாம் 'டிங் டிங்' என்று அதிர்ந்தன.

"உள்ளே என்ன மணிச் சத்தம்?" என்றாள் மரகதவல்லி.

"பெருமாளுக்கு அமுது பண்றா" என்றார் எம்பார் கம்பீரமாக. ஒரு செதில் மடியில் உதிர்ந்தது.

வைஜயந்தி தட்டோடு வந்தாள். கை நழுவவில்லை. ஆனால் நழுவியிருந்தால் தேவலை என்று அடுத்த நிமிஷமே தோன்றிவிட்டது.

ஆசாரமான மரகதவல்லி எச்சில் படாமல் தூக்கித்தான் குடிப்பாள். தலையை அண்ணாந்து, வாயைத் திறந்து, டம்ளரை உயரத்தில் சாய்த்தாள். ஒன்றும் வரவில்லை. இன்னும் சாய்த்தாள். முழுசாகவே கவிழ்த்தாள். வாய் திறந்தபடி இருந்தது. டம்ளர் தலைகீழாக இருந்தது. திருக்கண்ணமுது உள்ளேயே இருந்தது.

"கொஞ்சம் குலுக்குங்கோ மாமி" என்று வைஜயந்தி வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

மாமி குலுக்கினாள். மொத்தமும் ஒரே வேகத்தில் இறங்கியது. வாய்க்குள் போனது கொஞ்சம்தான். மிச்சத்தைக் கண்களும் கழுத்தும் ஒன்பது கஜப் புடவையும் பகிர்ந்துகொண்டன.

எம்பார் எழுந்தார். ஜானகியம்மாள் துண்டோடு ஓடிவந்தாள். வைஜயந்தி மனதுக்குள் திங்கட்கிழமை கிரேஸிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்க்க ஆரம்பித்தாள். கிரேஸ் சிரித்துச் சிரித்தே குப்பிகளை உடைப்பாள். அப்புறம்தான் உறைத்தது, வேலைக்கு விடுகிற ஒரே இடமும் போய்விட்டால் திங்கட்கிழமைகள் இனி எத்தனை மிச்சமோ.

"ஏண்டா கிச்சா, மசமசன்னு உக்காந்திருக்கியே!" மரகதவல்லி புருவத்தைத் துடைத்தபடி மகனைப் பிடித்துக்கொண்டாள். "நீயாவது வாயிலே விட்டுப் பாரு. இது என்ன பதார்த்தம்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!"

கிருஷ்ணஸ்வாமி கடைசியாக ஒருமுறை வாசலைப் பார்த்தான். பெருமூச்சோடு அங்கவஸ்திரத்திலிருந்து வலது கையை வெளியே எடுத்தான். வைஜயந்தி டம்ளரை நீட்டினாள்.

அவன் வாங்கினான். அடுத்த கணம் டம்ளர் தலைகீழாக அவன் மடியில் விழுந்து, உருண்டு, தரையில் 'டணங்' என்று நின்றது.

வேண்டுமென்றே போட்டுவிட்டான்! வைஜயந்திக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு குனிந்து பார்த்தாள். பட்டு வேஷ்டியில் ஒரு சொட்டு இல்லை. தரையில் ஒரு சொட்டு இல்லை. திருக்கண்ணமுது டம்ளருக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. கிருஷ்ணஸ்வாமி வேஷ்டியைப் பார்த்தான், டம்ளரைப் பார்த்தான், பிறகு முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து, கடைத் தெருவில் நாஷ்டா முடித்துவிட்டு வந்த டாக்ஸி டிரைவர் கலியன், கையில் ஒரு வட்ட டப்பாவோடு மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றான்.

"இன்னா சார், உங்க மாத்திரைக் கம்பெனி பவுடர வண்டிலயே வுட்டுட்டு வந்துட்ட! சட்டுனு கைல பூசிக்கோ சார், போன ரெண்டு பொண்ணு ஊட்லயும் போட்டாப்பல இங்கயும் டம்ளரக் கீய போட்டுடப் போற!"