எட்டு வரை எண்ணிய சட்ட வகுப்பு

இருபது வயதில், என்னைவிடப் பெரிய அறிவாளி மலாயாவிலேயே கிடையாது என்று நம்பினேன். ஒரே ஒரு முற்பகல் அந்த நம்பிக்கையை முடித்துவைத்தது.

ஜப்பான்காரன் வந்ததும் சிங்கப்பூரில் எங்கள் கல்லூரியை இழுத்து மூடிவிட்டார்கள். சட்டத் தத்துவம் சொல்லிக்கொடுத்த ஞானமுத்து சார் மலாக்காவில் வந்து ஒதுங்கினார். மரவள்ளிக்கிழங்கு கொடுத்தால் பாடம் நடத்துவார். அங்கே காஜா பேராங் தெருவில், கிருஷ்ணன் வீட்டு முன்னறையில் நாங்கள் ஐந்து பேர் படித்தோம். (கிருஷ்ணன் மலாக்கா செட்டி, பல தலைமுறையாக மலாய் பேசும் தமிழ் வம்சம். நெற்றி நிறைய விபூதி. தமிழ் வராது, திட்டுவதுகூட மலாயில்தான்.) ஆங்கிலப் பாடம் என்று தெரிந்தால் சாரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் ‘ஜப்பானிய மொழி வகுப்பு’ என்று மனு எழுதி அனுமதி வாங்கினோம். யோசனை என்னுடையது. பெரிய மேதாவி!

அன்று கரும்பலகையில், ‘சட்டம் என்றால் என்ன?’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

“அநியாயமான சட்டம் சட்டமே இல்ல சார். நான் கீழ்ப்படிய மாட்டேன்!” என்று மேசையைக் குத்தினேன்.

“கத்தி வச்சிருக்கறவன் சொல்றதுதாம்பா சட்டம்,” என்றார் சார்.

அவர் வாய் மூடவில்லை, வாசலில் இடுப்பு வாளோடு ஒரு ஜப்பானிய அதிகாரி. வகுப்பைப் பார்வையிட வந்தாராம்.

“மாத்தி லா கித்தா,” என்றான் கிருஷ்ணன். செத்தோம் என்று அர்த்தம். சொல்லிக்கொண்டே கரும்பலகையை முதுகாலேயே துடைத்துவிட்டான்.

அதிகாரி அரைகுறை மலாயில் என்னைப் பார்த்து, ஜப்பானியம் பேசிக் காட்டச் சொன்னார். சார் முகம் வெளுத்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஜப்பானியம், தினமும் காலையில் திடலில் ரேடியோ வைத்து எங்களை ஆட்டிவைத்த உடற்பயிற்சியின் எண்ணிக்கை மட்டும். குனிந்து வணங்கிவிட்டு அதையே கத்தினேன்.

“இச்சி! நீ! சான்! சீ!”

என் கை தானாக மேலே போனது. பின்னால் நால்வரும் தூக்கினார்கள். சாரும் தூக்கினார். அதிகாரி விறைப்பாக நிமிர்ந்தார், வாளைக் கழற்றி மேசைமேல் வைத்தார், ஐயோ, அவரும் தூக்கிவிட்டார்!

எட்டுக்கு மேல் எனக்குத் தெரியாது. நிறுத்தச் சொல்லும் வார்த்தையும் தெரியாது. மறுபடி ஒன்றுக்கு இச்சி, மறுபடி எட்டுக்கு ஹாச்சி. இருபது சுற்றாவது போயிருக்கும், சார் பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி வியர்வையைத் துடைத்து, வாளை மாட்டி, “பாகுஸ், பாகுஸ்” என்று மெச்சிவிட்டுப் போனார்.

சார் பிழைத்தாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் புத்தி போகுமா?

“சார், கத்தி வச்சிருந்தவரே நான் சொன்னதைக் கேட்டாரே, அப்ப எது சார் சட்டம்?”

“முதல்ல கையை இறக்குடா,” என்றார் சார்.

இப்போதும் வீட்டில் நான் ஏதாவது உத்தரவு போட ஆரம்பித்தால், என் மகள் சமையலறையிலிருந்து, “இச்சி, நீ” என்கிறாள். பாதி உத்தரவிலேயே கை மேலே போய்விடுகிறது.